கருடக் குஞ்சின் முதல் மழைக்காலம்: பின்தொடர்ந்து எழுதுவது எப்படி

எங்கள் பக்கம் கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே அது வட்டமடித்துவிட்டால் ஊரே கைகூப்பும். ஆனால் அதே கருடனின் குஞ்சு கூட்டைவிட்டு இறங்கி வேலிப்படலில் உட்கார்ந்தால் கல்லெடுத்து எறிகிறார்கள். அது கருடன் என்றே யாருக்கும் தெரிவதில்லை. வெள்ளைத் தலையும் செம்மண் நிறச் சிறகும் முழுசாக வர மூன்றாம் வயது ஆகவேண்டும். அதுவரை மங்கின பழுப்பு நிறத்தில், கோழிக்குஞ்சைத் தூக்குகிற கள்ளப்பருந்து மாதிரியே இருக்கும். பிழைப்பதற்கு ரொம்பவும் கஷ்டப்படுகிற காலத்தில்தான் அதற்குக் கல்லடியும் கிடைக்கிறது.

நான் முத்துப்பேட்டைப் பக்கம், கோரையாற்றுக் கடைமடையில், கிராமத் தபால் பட்டுவாடா செய்கிறவள். தினமும் சைக்கிளில் 11 கிலோமீட்டர். ஒரே வழி, கிட்டத்தட்ட ஒரே நேரம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது என் வழியில் இருந்த தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. வருஷக்கணக்கில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நான் கடந்துபோன கூடுகளும் அவற்றோடு போயின. அடுத்த தை மாதம் ஒரு கருட ஜோடி செல்போன் டவரில் சுள்ளி கொண்டுபோய் வைப்பதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் சைக்கிளை நிறுத்தி, பட்டுவாடா நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: தேதி, நேரம், ‘டவர், சுள்ளி, இரண்டு பறவை’. அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு குஞ்சு, சில வருஷம் இரண்டு என்று அவற்றின் முதல் மழைக்காலம் முழுக்கப் பின்தொடர்ந்து வருகிறேன்.

பறவையைப் பிடிக்காமல், எதுவும் கட்டாமல் இதைச் செய்யலாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற யாராலும் முடியும். பால் ஊற்றுகிறவர், மதகு பார்க்கிற லஸ்கர், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிற பிள்ளைகள், இறால் குட்டைக்குக் காவல் இருக்கிறவர் எல்லாரும் பாதி வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மீதிப் பாதி எழுதிவைப்பது.

எந்தக் குஞ்சு, எப்போது

கருடன் இங்கே மார்கழி, தை வாக்கில் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டு முட்டை. அடைகாப்பது 26, 27 நாள். பொரித்த குஞ்சு ஏறத்தாழ ஏழு வாரம் கூட்டில் இருக்கும். ஆகவே பங்குனி, சித்திரையில் குஞ்சு வெளியே வரும். வெளியே வந்த பிறகும் தாயும் தகப்பனும் சில வாரம் இரை கொண்டுவந்து கொடுக்கும். ஆடிக் காற்று அடிக்கும்போது அது தன் இரையைத் தானே தேடப் பழகிக்கொண்டிருக்கும். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து, சம்பா நட்டு, ஐப்பசி மழை பிடிக்கும்போது குஞ்சுக்கு ஆறேழு மாத வயது. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் உள்ள இந்த நாலைந்து மாதத்தைத்தான் நான் முதல் குளிர்காலம் என்று கணக்கு வைக்கிறேன். எங்கள் ஊரில் பனியைவிட மழைதான் குஞ்சைச் சோதிக்கும். பருந்து மாதிரி வேட்டையாடிப் பிழைக்கிற பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் வருஷம்தான் கண்டம். அதைத் தாண்டாத குஞ்சுகளே அதிகம்.

ஆகையால் கூட்டிலிருந்தே தொடங்குங்கள். கூடு தெரிந்தால் எத்தனை குஞ்சு, எந்த வாரம் பறந்தது என்பது கையில் இருக்கும். ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். அடைகாக்கும் கருடன் உங்களைப் பார்த்துக் கழுத்தை நீட்டினாலோ, எழுந்து பறந்து கத்தினாலோ நீங்கள் நிற்கிற இடம் தப்பு என்று அர்த்தம். நான் 150 அடிக்கு அந்தப் பக்கம், ரோட்டோரப் புளியமரத்து நிழலில்தான் நிற்பேன். சைக்கிளும் காக்கிப் பையும் தினமும் பார்த்த பொருள் என்பதால் அவை அலட்டிக்கொள்வதில்லை. நீங்களும் ஒரே சட்டை, ஒரே வண்டி என்று போய்ப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

குஞ்சை அடையாளம் காண்பது

கள்ளப்பருந்துக்கு வால் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். கருடனுக்கு, குஞ்சானாலும் கிழமானாலும், வால் முனை விசிறிபோல வளைந்திருக்கும். ஒன்று கவனம்: கள்ளப்பருந்து வாலை அகல விரித்தால் அந்த வெட்டு மறைந்து நேர்கோடாகிவிடும். அது வாலை மடக்கும்வரை காத்திருந்து முடிவு செய்யுங்கள். கருடக் குஞ்சின் சிறகடியில், மணிக்கட்டுக்கு (சிறகு முன்விளிம்பில் மடங்குகிற இடத்துக்கு) வெளிப்புறம், வெளிறின ஒரு சதுரத் திட்டு இருக்கும். கள்ளப்பருந்தைவிடச் சிறகு குட்டை, உடலும் வெளிறல்.

வயதைச் சொல்ல இன்னொரு வழி சிறகின் பின்விளிம்பு. குஞ்சின் இறகுகள் எல்லாம் கூட்டில் ஒரே நேரத்தில் முளைத்தவை. எனவே விளிம்பு கத்தரித்துவிட்டதுபோல ஒழுங்காக, எல்லா இறகும் ஒரே நிறத்தில் இருக்கும். வயது வந்த பறவைக்குப் புது இறகும் பழைய இறகும் கலந்து, அங்கங்கே இடைவெளி விழுந்திருக்கும். முதலில் இது கண்ணில் படாது. ஒரு மாதம் பார்த்தால் தானாக வரும்.

நடத்தையும் சொல்லிவிடும். காய்ந்த இலையையோ வைக்கோலையோ எடுத்துக்கொண்டு மேலே போய், நழுவவிட்டு, கீழே விழுமுன் பாய்ந்து பிடிக்கிற பறவையைப் பார்த்தால் அது பெரும்பாலும் இளசுதான். தண்ணீரில் மூன்று தடவை பாய்ந்து வெறுங்காலோடு எழும்புவதும் அப்படியே.

உடைந்த இறகுதான் அதன் முகவரி

ஒரு குஞ்சுக்கும் இன்னொரு குஞ்சுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. இறகை வைத்துச் சொல்லலாம். நான் சொல்வதில் இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கருடனுக்கு ஒவ்வொரு சிறகிலும் மணிக்கட்டுக்கு வெளியே உள்ள கைப்பகுதியில் பத்து நீள இறகு. வாலில் பன்னிரண்டு. கம்பியில் பட்டோ, சண்டையிலோ, முள்ளில் சிக்கியோ ஒன்று உடைந்தால் அது உடனே வளராது. நம் நகம் வெட்டினால் வளரும். வளர்ந்து முடிந்த இறகு அப்படியல்ல, வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான். அது தானாக உதிர்ந்து புதியது முளைக்கும்வரை அந்தக் காயம் அப்படியே இருக்கும். குஞ்சு முதல் முறை இறகு மாற்றத் தொடங்கவே ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகும். ஆக, ஆவணியில் உடைந்த இறகு மாசியிலும் உடைந்தேதான் இருக்கும். முதல் குளிர்காலம் முழுக்கக் கூடவே வருகிற அடையாளம் அது.

இன்னொன்றும் உண்டு. பருந்து வகைகளில் கைப்பகுதி இறகுகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு போகும். எனவே சிறகின் வெளிமுனையில் உள்ள உடைப்பு உள்பக்கத்து உடைப்பைவிடப் பல மாதம் கூடுதலாக நிற்கும். இரண்டு குஞ்சில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டி வந்தால் வெளிமுனையில் அடையாளம் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் சிறகு விரித்த பருந்தின் படம் ஒன்றை வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தலை மேலே, வால் கீழே, அடியிலிருந்து பார்க்கிற கோணம். பார்க்கிற ஒவ்வொரு முறையும் உடைப்பு எங்கே, எந்த அளவு என்று அதில் குறியுங்கள். இறகை வெளிமுனையிலிருந்து எண்ணுவது சுலபம். விரல் விரித்தாற்போல நீட்டிக்கொண்டிருப்பவை அவைதான்.

இடது, வலது குழப்பும். என் முதல் வருஷத்தில் ஒரே பறவையை ஒரு மாதம் இரண்டு பறவையாக எழுதியிருந்தேன். ஒரு நாள் இடச்சிறகில் உடைப்பு, மறுநாள் வலச்சிறகில் உடைப்பு. கண்டுபிடித்தபோது ஒரு மாதக் கணக்கையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. பறவை உங்களை விட்டு விலகிப் பறக்கும்போது உங்கள் இடதுபக்கம் அதன் இடச்சிறகு. உங்களை நோக்கி வந்தால் உங்கள் இடதுபக்கம் தெரிவது அதன் வலச்சிறகு. எனவே நோட்டில் ‘வருகிறது’, ‘போகிறது’ என்று எழுதிவிட்டுப் பிறகு படத்தில் குறியுங்கள். நான் இப்போது விலகிப் போகும்போது மட்டுமே குறிக்கிறேன்.

8×42 பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். அதன் கண்ணாடியில் போனை ஒட்டிவைத்துப் படம் எடுக்கலாம். மேகமூட்டத்தில் வானத்தை நோக்கி எடுத்தால் பறவை கறுப்பாக விழும். திரையில் பறவைமேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கூட்டுகிற சூரியக் குறியை மேலே தள்ளி எடுங்கள். வானம் வெளுத்துப்போகும், இறகு தெரியும். நமக்கு இறகுதான் வேண்டும்.

நான் ரொம்ப நாள் தொடர்ந்த குஞ்சுக்கு இடச்சிறகில் வெளியிலிருந்து மூன்றாவது இறகு பாதியில் முறிந்திருந்தது. நோட்டில் அதன் பெயர் மூணாமிறகு. கீழே அதைப் பற்றி அடிக்கடி சொல்வேன்.

வழியும் நோட்டும்

என் வழியில் ஆறு இடம் வைத்திருக்கிறேன். கோரையாற்று ஷட்டர், இறால் குட்டை வளைவு, கோயில் குளத்து இலுப்பை மரம், செல்போன் டவர், நெல் களம், ஆற்றுமுகத்தில் மீன் ஏலம் விடுகிற இடம். ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம். பறவை இருந்தாலும் பத்து நிமிஷம், இல்லாவிட்டாலும் பத்து நிமிஷம்.

‘இல்லை’ என்பதை எழுத வேண்டும். தொடங்குகிறவர்கள் எல்லாரும் பார்த்த நாளை மட்டும் எழுதுகிறார்கள். மாசி மாதம் நோட்டைப் புரட்டினால் கார்த்திகை 9க்கும் கார்த்திகை 24க்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. பறவை வரவில்லையா, நாம் போகவில்லையா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. ‘கார்த்திகை 12, ஷட்டர், 7.40 முதல் 7.50, தூறல், இல்லை’ என்று ஒரு வரி இருந்தால் அந்த நாளும் கணக்கில் சேரும். மழையில் நனைந்துகொண்டு போய் ‘இல்லை’ என்று எழுதுவது சலிப்பான வேலைதான். ஆனால் குஞ்சு எப்போது இடம் மாறியது என்பதை அந்த வரிகள்தான் சொல்லும்.

பென்சிலில் எழுதுங்கள். பேனா மை மழையில் கரைந்துவிடும். தேதி, நேரம், மழை, காற்று எந்தப் பக்கம், வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு, பறவை உட்கார்ந்த பொருள், எடுத்த இரை, பாய்ந்தது எத்தனை முறை, பிடித்தது எத்தனை முறை, துரத்தியது யார். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மூணாமிறகு ஐப்பசி தொடக்கத்தில் பத்துப் பாய்ச்சலுக்கு ஒன்று பிடித்தால் பெரிய விஷயம். மார்கழியில் மூன்றுக்கு ஒன்று. கரிச்சான் ஒன்று ஐப்பசி முழுக்க அதன் முதுகில் கொத்திக் கொத்தித் துரத்தியது. மார்கழியில் மூணாமிறகு ஒரு சின்னத் திருப்பம் போட்டு விலகிப் போகக் கற்றுக்கொண்டது.

உட்காரும் மரத்தடியில் அது கக்கிப்போட்ட உருண்டைகள் கிடைக்கும். எலி மயிர், நண்டு ஓடு, எலும்பு எல்லாம் அதில் இருக்கும். வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து, வெயிலில் காயவைத்துப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் பார்க்காத நேரத்தில் அது என்ன தின்றது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

ஐப்பசி முதல் மாசி வரை

அடைமழை நாளில் பறவையைத் தேடி அலையவேண்டாம். நனைந்த சிறகோடு அது அதிகம் பறக்காது. ஒரு கிளையில் குறுகி உட்கார்ந்திருக்கும். மழை விட்டு வெளிச்சம் வந்த முதல் ஒன்றரை மணி நேரத்தைப் பிடியுங்கள். முதலில் சிறகை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக் காயவைக்கும். இறகை எண்ண அதைவிட நல்ல சமயம் இல்லை. அப்புறம் நேராக இரைக்குப் போகும். மூன்று நாள் விடாமல் பெய்தால் நாலாம் நாள் அது எங்கே போகிறதோ அதுதான் அதற்குத் தெரிந்த நிச்சயமான சாப்பாட்டு இடம். மூணாமிறகுக்கு அது ஷட்டர். தண்ணீர் திறந்தால் கெண்டையும் கெளுத்தியும் அடிபட்டு மிதக்கும். கருடன் செத்த மீனையும் எடுக்கும் என்பது குஞ்சுகளுக்குப் பெரிய வரம். வேட்டையில் தேறாத குஞ்சுகூட ஏலம் விடுகிற இடத்தில் கழித்துப்போட்ட மீனைத் தின்று பிழைத்துக்கொள்ளும். வயலில் தண்ணீர் நின்றால் வரப்பு நண்டு.

புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டில் இருங்கள். புயல் போன மறுநாளிலிருந்து ஒரு வாரம், முடிந்தால் காலையும் மாலையும் ஆறு இடத்துக்கும் போங்கள். கூடும் தங்கும் மரமும் போய்விட்டால் பறவைகள் எங்கே கூடுகின்றன என்று அந்த ஒரு வாரத்தில்தான் தெரியும்.

மார்கழியில் பனி. தரை சூடேறிக் காற்று மேலெழும்ப நேரமாகும் என்பதால் ஒன்பது மணிவரை பருந்துகள் தாழ்வாகவே இருக்கும். நான் மார்கழி முழுக்க என் வழியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தபாலை முதலில் முடித்துவிட்டு ஷட்டருக்குப் பத்து மணிக்குப் போவேன். நோட்டில் இந்த மாற்றத்தையும் குறித்துவைக்கவேண்டும்.

இந்த மாதத்தில் சாயங்காலம் தங்கும் மரத்தையும் கண்டுபிடியுங்கள். குடும்பம் குடும்பமாக இல்லாமல், பல இடத்துக் கருடன்கள் ஒரே பெரிய மரத்தில் வந்து கூடும். ஐந்து மணிக்குப் பறவைகள் எந்தத் திசையில் போகின்றன என்று மூன்று இடத்திலிருந்து பாருங்கள். கோடுகள் சேருகிற இடத்தில் மரம் இருக்கும். எங்கள் மரம் ஜாம்புவானோடைப் பக்கம், அலையாத்திக்காடு தொடங்குகிற ஓரத்தில். இருட்டும்வரை நின்று, செம்மை எத்தனை, பழுப்பு எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு கார்த்திகையில் பழுப்பு 14 எண்ணினேன். அதே வருஷம் மாசியில் 6. மிச்ச எட்டும் செத்துவிட்டன என்று இதை வைத்துச் சொல்லக்கூடாது. இளசுகள் இரையைத் தேடி வேறிடம் போகும். ஆனால் வருஷா வருஷம் ஒரே மாதத்தில், ஒரே மரத்தில் எண்ணி வைத்தால் நல்ல வருஷம் எது, கெட்ட வருஷம் எது என்பது தெரிந்துவிடும்.

தை பிறந்தால் அறுப்பு. அறுப்பு மெஷின் இறங்குகிற வயலைத் தேடிப் போங்கள். எலி, தவளை, வெட்டுக்கிளி எல்லாம் மெஷினுக்கு முன்னால் ஓடும். கொக்கு, கள்ளப்பருந்து, கருடன் என்று எல்லாம் பின்னாலேயே வரும். ஒரே வயலில் நாலைந்து பழுப்புக் குஞ்சுகளை அரை மணி நேரத்தில் பார்க்க முடிவது இந்த ஒரு மாதம்தான். மெஷின் டிரைவரிடம் அடுத்தது எந்த வயல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலிக்குக் கிட்டி வைக்கிற பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடப்பார். “தாயி, உன் நொண்டிச் சிறகு நேத்து வடக்கு வெளியில என் கிட்டியிலேருந்த எலியைத் தூக்கிட்டுப் போச்சு” என்று ஒரு நாள் சொன்னார். என் வழிக்கு வெளியே அது இரண்டு கிலோமீட்டர் போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் சொன்னதைத் தனிப் பக்கத்தில், ‘நான் பார்க்கவில்லை, கிட்டிக்காரர் சொன்னது’ என்று எழுதிவைத்தேன். கேட்டதையும் பார்த்ததையும் கலக்காமல் வைப்பது நல்லது.

தையில் பொங்கலை ஒட்டி 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் சேருங்கள். பறவைப் பட்டியல்களைப் பதிகிற இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியல் போடும்போது வயது வாரியாக எண்ணிக்கை போட இடம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். ‘கருடன் 9’ என்று போடுவதற்குப் பதில் முதிர்ந்தது 6, இளசு 3 என்று போடுங்கள். ஆனால் கூடு இருக்கிற இடத்தை எங்கேயும் பொதுவில் போடவேண்டாம்.

தூரத்திலிருந்து வருகிற இளசுகள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் தனியாகத் தொடர்வது நம் கையில் இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் பூனைப்பருந்துகள் வரும், பங்குனிக்குள் பெரும்பாலும் போய்விடும். சேற்றுப் பூனைப்பருந்தின் இளசு காப்பிக்கொட்டை நிறம், தலையில் மட்டும் வெளிறின மஞ்சள். மாண்டேகு பூனைப்பருந்து கஜகஸ்தான் புல்வெளிகளில் பொரித்துவிட்டு வருவது. அதன் இளசுக்கு வயிறு கோடே இல்லாமல் செங்காவி நிறத்தில் இருக்கும். இவை தரையில், புல்லுக்குள் படுத்துத் தூங்குபவை. உப்பளத்து ஓரம், தரிசு வெளி எங்கேயாவது அந்திநேரத்தில் இறங்குவதைத் தூரத்திலிருந்து எண்ணலாம். உள்ளே நடந்துபோய்க் கலைக்கக் கூடாது.

மீன் பிடித்துத் தின்கிற விராலடிப்பான் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனத்துக்கு உரியது. இளசுக்கு முதுகு இறகுகளின் ஓரம் வெளிறி, செதில் செதிலாகத் தெரியும். முதல் குளிர்காலத்துக்கு வந்த இளசு அடுத்த கோடையில் வடக்கே திரும்பாமல் வந்த இடத்திலேயே தங்கிவிடும். எனவே வைகாசி, ஆனியில் முத்துப்பேட்டைக் காயலில் விராலடிப்பானைப் பார்த்தால் அது பெரும்பாலும் இளசு. அந்தத் தேதியைக் கட்டாயம் எழுதுங்கள்.

வளையமும் கருவியும்

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் போடுகிறார்கள். வளையம் உள்ள பறவையைப் பார்த்தால் எந்தக் காலில், என்ன நிறம், என்ன எண் என்று படம் எடுத்துக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். செத்துக் கிடந்தாலும் அப்படியே. உயிரோடு இருக்கிற பறவையின் வளையத்தைக் கழற்றக் கூடாது.

செயற்கைக்கோள் கருவி முதுகில் கட்டுகிறார்களே, நாமும் செய்யலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். கூடாது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பிடிப்பதே குற்றம். கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டக்கூடாது என்பது ஆராய்ச்சிக்காரர்கள் வைத்துக்கொள்ளும் வழக்கம். அரைக் கிலோ கருடனுக்கு அது 15 கிராம், இரண்டு பத்து ரூபாய்க் காசின் எடை. பழகின கை இல்லாமல் கட்டினால் முதல் மழைக்காலத்துக் குஞ்சு அதோடு போய்விடும்.

தொட வேண்டிய ஒரே சமயம்

ஒரு கார்த்திகையில் இறால் குட்டை ஒன்றின் மேல் பறவை இறங்காமலிருக்கக் கட்டியிருந்த நைலான் நூலில் ஒரு குஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. நான் பதறிப்போய்க் கையால் பிடித்தேன். நகம் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. குஞ்சும் துடித்துச் சிறகை இன்னும் முறுக்கிக்கொண்டது. அது பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு என் பையில் எப்போதும் ஒரு பழைய துண்டு, சின்னக் கத்தரி.

முதலில் துண்டைத் தலையோடு சேர்த்து முழுசாகப் போர்த்துங்கள். கண் மறைந்தால் பறவை அடங்கும். துண்டோடு சேர்த்துக் காலை இறுகப் பிடித்துக்கொண்டு நூலை இரண்டு பக்கமும் கத்தரியுங்கள். சுற்றியிருப்பதை அங்கேயே உருவி எடுக்க வேண்டாம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு கொடுக்காதீர்கள். தண்ணீர் மூச்சுக்குழலில் போய்விடும்.

எலி மருந்தும் அப்படித்தான். மருந்து தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடித் திரியும். அனுபவமில்லாத குஞ்சுக்கு அது சுலபமான இரை. தரையில் தூங்கி வழிந்துகொண்டு, ஆள் வந்தும் பறக்காத குஞ்சைப் பார்த்தால் அந்தச் சுற்றில் யார் மருந்து வைத்தார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். வயல்காரர்களிடம் நான் சொல்வது மூன்றுதான்: செத்த எலியைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். முடிந்தால் கிட்டிக்காரரைக் கூப்பிடுங்கள், வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவையுங்கள். ராத்திரி கூகை வந்து உட்காரும், பகலில் பருந்து. எங்கள் அப்பா காலத்தில் எல்லாரும் செய்தது.

காணாமல் போகும்போது

மாசியில் பெரிய கருடன்கள் தங்கள் கூட்டுப் பக்கம் வருகிற இளசுகளை விரட்டும். அதுவரை தினம் பார்த்த குஞ்சு ஒரு வாரம் வராமல் போகும். உடனே செத்துவிட்டதாக எழுதவேண்டாம். முதலில் தங்கும் மரத்துக்கு மூன்று சாயங்காலம் போங்கள். பிறகு வழியைவிட்டு ஒவ்வொரு பக்கமும் இரண்டு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர் என்று அகலப்படுத்துங்கள். குளம், மதகு, மீன் இறங்குகிற இடம் இவற்றை மட்டும் பார்த்தால் போதும். மீனவர்களிடமும் மெஷின் டிரைவர்களிடமும் படத்தைக் காட்டுங்கள். நாற்பது நாள் தேடியும் இல்லையென்றால் ‘கடைசியாகப் பார்த்தது’ என்று தேதி போட்டு ஒரு கோடு இழுங்கள். உடலைப் பார்க்காமல் ‘இறந்தது’ என்று எழுதக் கூடாது.

மூணாமிறகை மாசி 22ஆம் தேதி காலை பத்தேகாலுக்கு ஷட்டரில் பார்த்தேன். ஒரு கெளுத்தியை எடுத்துக்கொண்டு தெற்கே, காயல் பக்கம் போனது. அதன் பிறகு மரத்தில் இல்லை, களத்தில் இல்லை, ஏலம் விடுகிற இடத்தில் இல்லை. சித்திரை 3ஆம் தேதி கோடு இழுத்தேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஷட்டரின் அதே இரும்புச் சட்டத்தில், கிழக்கு ஓரத்தில், ஒரு கருடன் வந்து உட்கார்ந்தது. தலையும் நெஞ்சும் அழுக்கு வெள்ளையாக வெளுக்கத் தொடங்கியிருந்தன. இரண்டாம் வயது. கரிச்சான் பாய்ந்தபோது ஒரு சின்னத் திருப்பம் போட்டு விலகியது. விலகிப் போகும்போது இடச்சிறகை எண்ணினேன். இறகுகள் எல்லாம் முழுசாக இருந்தன. நோட்டில் தேதி, நேரம், காற்று எல்லாம் எழுதிவிட்டு, பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டேன்.